வித்துவான் அக்காவின் பங்கு வாடகை

திருப்பதியில் கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனியாக வீடு கொடுக்க யாரும் தயாராக இல்லை. அதனால்தான் நான் வித்துவான் அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நகரியில் எங்கள் வீட்டில் தறியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நான் எப்படியோ டீச்சர் டிரெயினிங் முடித்து, திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வந்திருந்தேன். பாடமெல்லாம் தெலுங்கில். சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் தெலுங்கு பேசி வளர்ந்ததால் எனக்கு அது சிரமமாக இல்லை. வீடு பிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. போகிற இடமெல்லாம், "கூட யார் இருக்காங்க?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டாலே நல்ல வருமானம் இருக்கிற ஊரில், மாத வாடகைக்கு வருகிற ஒற்றைப் பெண்ணை எவர் சேர்ப்பார்கள்?

கோவிந்தராஜசாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் அக்கா வீடு பிடித்து வைத்திருந்தாள். வேறொரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புக்கு டீச்சர். வித்துவான் பரீட்சை தேறியவள் என்பதைப் பார்த்த உடனே சொல்லிவிடுவாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்பதை அவள் சொல்லவில்லை, தெருவில் மற்றவர்கள் சொன்னார்கள். அவளோடு ஒரு நர்ஸும் குடியிருந்தாள். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி, பெரியாஸ்பத்திரியில் வேலை. என்னையும் சேர்த்து மூன்று பேர், வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. தெருவைப் பார்த்த ஜன்னல் அறை அக்காவுக்கு. நடு அறை நர்ஸுக்கு. சமையல்கட்டை ஒட்டிய சின்ன அறை எனக்கு. வீட்டுக்கார அம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். அவள் வீடு கொடுத்ததே அக்காவின் முகத்துக்காகத்தான் என்று அக்கா அடிக்கடி எங்களுக்கு ஞாபகப்படுத்துவாள். அது உண்மையும்கூட.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, அக்கா மத்தியானத்துக்கு முன்னாலேயே வீடு திரும்பிவிட்டாள். நான் சாயங்காலம் வந்தபோது ஈசிசேரில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?"

"உடம்புக்கு இன்னா கேடு? தமிழ் கிளாஸுக்குப் பிள்ளைங்க இல்லியாம். எட்டு பேருதான் சேர்ந்தாங்களாம். அவங்களையும் தெலுங்கு கிளாஸுல போட்டுட்டாங்க. எனக்கு வேலை இல்லியாம்."

"ஐயோ, அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நீங்க இன்னா என்னை வேணாம்ன்றது, நானே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். பாரு, ஒரு மாசத்துல அவங்களே ஆள் அனுப்புவாங்க."

ஆள் வரவில்லை. முதல் மாதம் அவளுடைய பங்கை நானும் நர்ஸும் ஆளுக்குப் பாதியாகப் போட்டுக் கொடுத்தோம். அவளும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லிக் காட்டவில்லை. கஷ்டத்தில் இருக்கிறாள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த மாதம், "இந்த மாசமும் நீங்களே பாத்துக்குங்கடி" என்று, கடைக்குப் போகிறவளிடம் கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வாடகையைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்போம். வேலை போனதிலிருந்து அவள் பகல் முழுவதும் வீட்டில் இருந்தாள். இருந்தவள் சும்மா இருக்கவில்லை. சமையல்கட்டில் மிளகாய் டப்பாவும் பருப்பு டப்பாவும் இடம் மாறின. என் துணிக்கொடி அவளுக்குப் பிடிக்காமல் வேறு பக்கம் போயிற்று. நர்ஸ் சீக்கிரம் விளக்கை அணைத்துவிடுகிறாள், நான் கதவை ஓசைப்படச் சாத்துகிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம் இருந்தது. பங்கு கொடுத்த காலத்தில் இவ்வளவு அதிகாரம் செய்ததில்லை. கொடுக்காமல் போனதும் வீடே அவளுடையதாகிவிட்டது.

அதோடு யாத்திரைக்காரர்கள் வேறு. சாயங்காலம் காற்று வாங்க ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்து போவாள். அங்கே தெலுங்கு தெரியாமல் மூட்டை முடிச்சோடு திகைத்து நிற்கிற தமிழ்க் குடும்பம் ஏதாவது கண்ணில் படும். சேலத்துக்காரர்கள், திருச்சிக்காரர்கள், யாராக இருந்தாலும் சரி, அவர்களுக்காக ஜட்காக்காரனிடம் பேரம் பேசுவாள், சத்திரத்தில் இடம் கேட்பாள். சத்திரத்தில் இடமில்லை என்றால் நேராக வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவாள். எங்கள் கிணற்றில் குளியல், எங்கள் விறகில் வெந்நீர், எங்கள் அரிசியில் பொங்கல். கேட்டால், "பாவம், பாஷை தெரியாம முழிச்சிக்கினு நின்னாங்கடி. ஒரு வேளை துன்னா இன்னா கொறைஞ்சிபோச்சி?" என்பாள்.

ஒரு நாள் காலை, இரவு டூட்டி முடிந்து நர்ஸ் கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கட்டிலில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தரையில் இன்னும் மூன்று மொட்டைத் தலைகள், அதில் ஒன்று கைக்குழந்தை.  நர்ஸ் நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நான் இனிமே ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெட்ல படுத்துக்கறேன். அங்கயாவது என் பெட்ல படுக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம், மொட்டைத் தலைகள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, இருவரும் அக்காவை உட்கார வைத்துப் பேசினோம். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தோம். அவள் முன்னால் அதில் எதுவும் நிற்கவில்லை.

"அக்கா, தெலுங்குப் பரீட்சை எழுதிடுங்க. வேலை குடுப்பாங்க. நானும் நர்சம்மாவும் சொல்லித் தர்றோம்."

"நான் வித்துவான்டி. இந்த வயசுல சிலேட்டைப் புடிச்சிக்கினு அ, ஆ எழுதணுமா?"

"சரி, வேணாம். அப்போ நீங்க என் ரூமுக்கு வந்துடுங்க. நான் நர்சம்மாகூட இருந்துக்கறேன். ஜன்னல் ரூமை வேற யாருக்காவது விட்டா உங்க பங்கு வந்துரும்."

"அந்தப் பொந்துலயா? எனக்கு மூச்சு முட்டும்."

நர்ஸ் குறுக்கே புகுந்தாள். "ஸ்டேஷன்லருந்து இவ்வளவு பேரைக் கூட்டிட்டு வர்றீங்க இல்ல? அவங்ககிட்ட ஏதோ ஒண்ணு வாங்கிக்கோங்க அக்கா. ஊருல எல்லாரும் வாங்கறாங்க. அவங்களும் சந்தோஷமாத்தான் குடுப்பாங்க."

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "சாமி கும்புட வந்தவங்ககிட்ட கை நீட்டறதா? நீங்க படிச்ச பொண்ணுங்கதானா?"

எங்கள் இருவரிடமும் அவள் கை நீட்டாமலே வாங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் சமைக்கட்டும், நாங்கள் வாடகை தருகிறோம் என்று ஒரு ஏற்பாடு ஆயிற்று. அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றுவதில் அவளுக்குக் கை அடங்காது. சொன்னால், "தெலுங்கு ஊர்ல வேலை பாத்துப் பாத்து உங்க நாக்கே கெட்டுப்போச்சி" என்பாள். நர்ஸ் தெலுங்குக்காரி என்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கும்.

அவளைக் கேட்காமலே நான் ஒரு பெண்ணைப் பிடித்து வந்தேன். மதனப்பள்ளிக்காரி, ஆபீஸில் டைப்பிஸ்ட், அடக்கமானவள். நர்ஸோடு நடு அறையில் இருக்கட்டும், நான்கு பேராகப் பிரித்துக்கொண்டால் பாரம் குறையும் என்பது என் கணக்கு. வீடு பார்க்க வந்த பெண்ணை அக்கா வாய் நிறைய வரவேற்று, காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டும் வந்தாள். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. ஒரு வாரம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்து விசாரித்தேன். கிணற்றடியில் தேள் இருப்பதாகவும், சுவருக்குப் பின்னால் பாம்பு முட்டையிட்டிருப்பதாகவும், நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து காசநோயைக் கொண்டு வந்துவிடுவாளோ என்று பயமாக இருப்பதாகவும் அக்கா சொன்னாளாம்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தினேன்.

"நல்ல பொண்ணுடி அது. மனசுல ஒண்ணு வெச்சிக்கினு வெளிய ஒண்ணு பேசத் தெரியலை எனக்கு. உள்ளதைச் சொன்னேன்."

"பாம்பு எங்கக்கா இருக்குது?"

"இருந்தாலும் இருக்கும்."

புரட்டாசி பிரம்மோற்சவம் நெருங்கிய மாதம் எங்கள் இருவர் கையிலும் பணம் இல்லை. அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, உடம்பு சரியில்லாததால் நான் ஊருக்குப் பணம் அனுப்பியிருந்தேன். நர்ஸின் தம்பிக்குக் காலேஜில் கட்ட வேண்டியிருந்தது. வாடகைக்குப் பணம் குறைந்துபோயிற்று. வீட்டுக்கார அம்மா நடையில் வந்து நின்றாள். அந்தப் பக்கம் ஆசிரியைகளைப் பந்துலம்மா என்பார்கள். பாடுக என்றால் வாடகை, நெல என்றால் மாதம்.

"பந்துலம்மா, ஈ நெல பாடுக ஏதி? பண்டிகைக்கு ஆளுங்க வர்றாங்க. நீங்க குடுக்கலைன்னா நான் வேற ஆளுக்கு விடணும்" என்று அக்காவைப் பார்த்துப் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கேட்டாள்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கவலைப்படாதீங்கம்மா. சின்னப் பொண்ணுங்க, கையில காசு நிக்க மாட்டேங்குது. நான் சொல்லிக்கினுதான் இருக்கறேன். அடுத்த வாரத்துக்குள்ள வாங்கிக் குடுத்துடறேன்."

வீட்டுக்கார அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். இத்தனை மாதமாக அவளுடைய பங்கையும் சேர்த்துக் கட்டியவர்கள் நாங்கள். தெருவுக்குத் தெரிந்தது, பொறுப்பில்லாத இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு ஒரு வித்துவான் அம்மா படுகிற பாடு. நர்ஸ் அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து ஏதோ சுவரில் மோதி விழுகிற சத்தம் கேட்டது. அவளுடைய செருப்பு.

அன்றே முடிவு செய்தோம். வீட்டைவிட்டு நாங்கள் இருவரும் போய்விடுவது. திருச்சானூரில், கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, பூ வியாபாரி ஒருவருடைய வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, நடுவில் நீளமான ஒரு நடை. நர்ஸ் அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்திருந்தாள், அதனால் ஒத்துக்கொண்டார். தினமும் டவுனுக்கு வந்துபோக வேண்டும். பரவாயில்லை, நடந்துகூட வந்துவிடலாம் என்றோம். இரண்டு பேர் என்று சொல்லிப் பேசி முடித்தோம்.

அக்காவிடம் ஒளிக்கவில்லை. போகிற தேதியைச் சொல்லி, "நீங்க உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுங்கக்கா. எங்களால முடியலை" என்றேன். அவளுடைய அண்ணன் திருத்தணியில் இருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வாரம் முழுவதும் ஸ்டேஷனுக்கும் போகவில்லை.

புறப்படுகிற அன்று காலை ஜட்கா வந்தது. பாத்திரம், படுக்கை, என் டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கொடியில் மறந்துவிட்ட துண்டை எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். வண்டிக்காரனுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு மூட்டையும் காலடியில் ஒரு பெட்டியுமாக அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் குடை.

"இன்னாக்கா இது?"

"நீங்க ரெண்டு பேரும் சின்னப் பொண்ணுங்க. புது எடம். தனியா எப்படி இருப்பீங்க? வாங்க, வெயில் ஏறுது."

நர்ஸுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. "அக்கா, திகண்டி" என்றாள். பிறகு எனக்காகவோ அக்காவுக்காகவோ, "எறங்குங்க. வண்டியைவிட்டு எறங்குங்க" என்று கத்தினாள். வாடகை, கட்டில், அரிசி, டைப்பிஸ்ட் பெண், வீட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் தெருவில் போட்டு உடைத்தாள். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. வீட்டுக்கார அம்மாவும் வெளியே வந்து நின்று கேட்டாள். வண்டிக்காரன் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா முழுவதையும் கேட்டாள். அழவில்லை, மறுக்கவில்லை. நர்ஸ் மூச்சு வாங்க நிறுத்தியதும், "எறங்கறேன். எங்க எறங்கறதுன்னு சொல்லு, அங்க எறங்கறேன்" என்றாள். "அண்ணனுக்கு எழுதிக் கேட்டுட்டேன். அண்ணி வேணாம்னுட்டா."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. என் எரிச்சலை அதுதான் இன்னும் கூட்டியது. கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். காலைப் பிடித்திருந்தால் உதறியிருப்பேன். அவள் நிஜமாகவே ஒரு இடம் கேட்டாள். எனக்குச் சொல்வதற்கு ஓர் இடமும் இல்லை. ஆந்திரா தனியாகப் போனதற்கு அவள் என்ன செய்வாள், நான்தான் என்ன செய்வேன்? கொஞ்சம் தெலுங்கு தெரிந்ததால் எனக்குச் சம்பளம் வந்தது. பிடிவாதத்தால் அவளுக்கு வரவில்லை. அந்தப் பிடிவாதத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நர்ஸைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"போப்பா" என்றேன் வண்டிக்காரனிடம்.

திருச்சானூரில் இறங்கியதும் மூட்டைகளை உள்ளே கொண்டு போவதற்கு முன்னாலேயே நான் பேசிவிட்டேன். இந்த வீடு என் பொறுப்பில். நீங்கள் நடையில் படுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் யாரும் வரக்கூடாது. சமையல் நாங்கள் செய்கிறோம். வீட்டுக்காரரிடம் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஏதாவது ஒரு வேலைக்குப் போக வேண்டும், என்ன வேலையாக இருந்தாலும்.

"நடையில காத்து நல்லா வருது" என்றாள் அக்கா. மற்றதற்குத் தலையாட்டினாள். இரண்டு பேர் என்று சொல்லி மூன்று பேராக வந்து நின்றதற்குப் பூ வியாபாரியிடம் சமாதானம் சொன்னது நான்தான்.

வேலையை நர்ஸ் பிடித்துக் கொடுத்தாள். வண்டியிலிருந்து இறங்கு என்று கத்தியவளேதான். கோயில் தெருவில் வளையல், குங்குமம் விற்கிற கடை ஒன்று. கார்த்திகையில் தாயார் கோயில் பஞ்சமி தீர்த்தத் திருவிழாவுக்குத் தமிழ்ப் பக்கத்திலிருந்து வருகிற கூட்டத்தோடு பேச அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அக்காவைக் கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரிந்து, "நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில போங்க" என்று மட்டும் சொன்னாள். வித்துவான் வளையல் விற்பதா என்று ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அக்கா குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கேயும் அவள் அவளாகத்தான் இருந்தாள். பேரம் பேசுகிற பெண்களை அதட்டுவாள், கைக்குப் பொருந்தாத வளையலைக் கேட்டால் தர மாட்டாள். கடைக்காரர் என்னிடம் முறையிட்டிருக்கிறார். ஆனால் அவளைத் தேடி வந்து வாங்குகிறவர்களும் இருந்ததால் நிறுத்தவில்லை. அவளுடைய பங்கு வர ஆரம்பித்தது. முழுசாக வராது, சொன்ன தேதிக்கும் வராது. கேட்டால்தான் வரும். கேட்டால், "இப்பதான் எடுத்து வெச்சேன், அதுக்குள்ள கேக்கற" என்று நான் அவசரக்காரி ஆகிவிடுவேன். பழைய பாக்கியைப் பற்றி ஒரு நாளும் பேச்சு எழவில்லை. ஒரு முறை நானே எடுத்தேன். "அந்த வூட்டு வாடகையா? அந்த வூட்டைப் புடிச்சிக் குடுத்ததே நான்தானேடி" என்றாள்.

சில வருஷம் கழித்து, எல்லைப் பிரச்சனை தீர்ந்து திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது என்ற செய்தி வந்தபோது, ஊரில் ஆளுக்கொரு மாதிரி பேசிக்கொண்டார்கள். எங்கள் நகரி ஆந்திராவிலேயே நின்றது. நைனாவுக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, என் வேலை போகாது என்பது மட்டும் தெரிந்தது. அக்கா ஒருத்திதான் ஒரே நாளில் எழுந்து நின்றாள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இனித் தமிழ் டீச்சர் வேண்டியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு ரயிலேறிப் போய், யார் யாரையோ பார்த்து, அலைந்து, சில மாதங்களில் வேலை வாங்கிவிட்டாள்.

புறப்படுகிற அன்று அவளுடைய பெட்டியை நான்தான் கட்டிக் கொடுத்தேன். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை என்றும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருப்பதாகவும், அதற்கு ஜன்னல் உண்டு என்றும் சொன்னாள். நர்ஸ் இட்லி கட்டிக் கொடுத்தாள். அக்கா அதை வாங்கிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"நான் இல்லாம எப்படித்தான் குடித்தனம் பண்ணப் போறீங்களோ" என்றாள். நிஜமான கவலையோடுதான் சொன்னாள்.

ஜட்கா திரும்பியதும் நர்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. "அழறியே, உன் கட்டில்ல மொட்டையைப் படுக்க வெச்சவங்களுக்காகவா?" என்றேன். அவள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

அதன்பின் வாடகையை இருவராகப் பாதிப் பாதி கட்டினோம். மூன்றாவது ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் வந்து கேட்டார்கள். நல்ல பெண்கள்தான். வேலை நிரந்தரமா, எந்த பாஷை வகுப்பு, சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நர்ஸ் குறுக்கு விசாரணை செய்ததில் ஒருத்தியும் தங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சித்தூருக்கு நர்ஸுக்கு மாற்றல் வருகிறவரை அப்படியே இருந்தோம். நடை காலியாகக் கிடந்தது. அதில் விறகு அடுக்கிக்கொண்டோம்.